ஐந்தாம் மாடியில் ஒரு கடல்

நிஷ் நகரத்தில் பாதிப் பேர் தோப்ரிலாவிடம் திட்டு வாங்கித்தான் டிரைவிங் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தனக்கென்று வைத்திருக்கும் பிரேக்கின் மேல் எந்நேரமும் ஒரு காலை வைத்தபடி, "அது லாரி. அது நமக்கு வழி விடாது, ஏன்னா அது லாரி" என்று பொறுமையாகத் தொடங்குவாள். அடுத்த நாற்சந்தி வருவதற்குள் பொறுமையைக் கைகழுவியிருப்பாள். கண்ணாடி ஏற்றியிருந்தாலும் நடைபாதையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற குரல் அது.

அப்படிப்பட்டவள் வீட்டுக்குள் நுழைந்தால் பேச்சு மூச்சு இருக்காது. கோட்டைக்கூடக் கழற்றாமல் கூடத்து முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடித் தொட்டியின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். கட்டில் நீளத்துக்கு ஒரு தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், பாறைகள், பாறைகளின் மேல் உயிருள்ள பவளங்கள், அவற்றுக்கு நடுவே இரண்டு ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள். நாட்டுக்கே கடற்கரை கிடையாது. தோப்ரிலாவின் கூடத்தில் மட்டும் இருக்கிறது.

இந்தப் பைத்தியம் அவளுக்குப் பிடித்தது ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறையில். கன்னம் வீங்கிப்போய்க் காத்திருந்தபோது அங்கே இருந்த கடல்தொட்டியைப் பார்த்தாள். கூப்பிட்டபோது, "எனக்கு அப்புறமா வந்தவங்கள முதல்ல பாருங்க, பரவாயில்ல" என்று சொல்லிவிட்டாள். அந்த மாதமே ஒரு சின்னத் தொட்டி வாங்கி, அதில் இருந்ததையெல்லாம் பழுப்புச் சளியாக்கிக் கொன்றாள். அழுதாள், படித்தாள், மறுபடி வாங்கினாள். குழாய்த் தண்ணீரை வடிகட்டி, உப்பு மூட்டையைப் பிரித்துக் கரைத்து, தொட்டி அழுக்கை நுரையாகப் பிரிக்கும் குழாயில் சேரும் நாற்றத் தண்ணீரை மூக்கைப் பிடிக்காமல் கொட்டப் பழகினாள். உப்பு மூட்டைகளை ஐந்து மாடியும் தூக்கி வந்தவன் அவள் கணவன் புடிமிர். அவன் லிஃப்ட் மெக்கானிக். அவர்கள் கட்டடத்து லிஃப்ட் மட்டும் ஓடாது. அதற்கு உதிரிப்பாகம் வர வேண்டும், வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆள் சாது.

தொட்டியின் ராணி ஒரு மான்கொம்புப் பவளம். வடக்கே இருந்த ஒரு நண்பர் தன் தொட்டியிலிருந்து சுண்டுவிரல் அளவு ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தார். பனி கொட்டுகிற நாள். தோப்ரிலா அதைத் தண்ணீர்ப் பையோடு கோட்டுக்குள், அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். வழியெல்லாம் ஒரு கையை அசைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் கை முறிந்துவிட்டதா என்று விசாரித்தார். அந்தத் துண்டு இப்போது ஒரு முட்டைக்கோஸ் அளவுக்குக் கிளைவிட்டு, நுனியெல்லாம் ஊதா நிறத்தில் நின்றது. கிளை முழுக்கக் குண்டூசி முனை அளவில் வாய்கள். நல்ல நாளில் அத்தனையும் வெளியே நீட்டிக்கொண்டு, பவளமே மெல்லிய ரோமம் போர்த்தியதாகத் தெரியும். அந்த வாய்கள் வெளியே இருந்தால் தோப்ரிலாவுக்கு அன்றைக்கு நல்ல சாப்பாடு இறங்கும்.

இலையுதிர் காலத்தில் மாமியார் ஸ்தாமென்கா வந்து சேர்ந்தாள். மலையடி ஊரில் தனியாக இருந்தவள் முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடியதும் புடிமிர் போய்க் கையோடு அழைத்து வந்துவிட்டான். இரண்டே அறை வீடு. கூடத்து சோபாவை விரித்தால் அவளுக்குப் படுக்கை, எதிரே தொட்டி. முதல் நாள் தொட்டியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது என்ன, கல்லுக்கா இம்புட்டு கரண்டு செலவு?"

"கல்லு இல்ல அத்த. உயிரு. மிருகம்."

"மிருகம்னா கத்தணும். இல்லாட்டி பால் குடுக்கணும்."

அதற்கு மேல் அவள் தொட்டியைப் பற்றிப் பேசவில்லை. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஏழாம் பொருத்தம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஸ்தாமென்காவுக்கு ஒரே ஒரு எதிரி உலகத்தில் உண்டு. ஊதக்காற்று. ஒரு ஜன்னலில் நுழைந்து எதிர்க் கதவில் வெளியேறுகிற காற்று. அது பட்டால் கழுத்து பிடிக்கும், வாய் கோணும், சிறுநீரகம் சுருங்கும். அவளுடைய தங்கை புருஷன் செத்ததே அதில்தான் என்பாள். அவன் எண்பத்தாறு வயதில் செத்தான் என்று சொன்னால், "காத்து படாம இருந்திருந்தா இன்னும் இருப்பான்" என்பாள். வந்த வாரத்திலேயே ஜன்னல் இடுக்குகளில் பஞ்சை அடைத்தாள். பால்கனிக் கதவின் அடியில் பழைய கம்பளத்தைச் சுருட்டி வைத்தாள். தோப்ரிலாவும் மறுபேச்சுப் பேசவில்லை. பேசுவானேன், அவளே காரில் இரண்டு பக்கக் கண்ணாடியையும் ஒன்றாக இறக்கவிட மாட்டாள். இந்த ஊரில் ஊதக்காற்றை நம்பாதவனை இன்னும் யாரும் பார்த்ததில்லை.

குளிர் இறங்க இறங்க மான்கொம்பு வாடத் தொடங்கியது. முதலில் வாய்கள் உள்ளே போயின. பிறகு ஊதா மங்கிப் பழுப்பு ஏறியது. ஒருநாள் அடிக்கிளையில் ஓரிடத்தில் தோல் உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தது. இப்படி உரிய ஆரம்பித்தால் ஒரே ராத்திரியில் மொத்தமும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். உப்பைச் சோதித்தாள், சரி. சுண்ணாம்பு சரி, சூடு சரி. பிஎச் அளவு மட்டும் எட்டுக்கு மேல் நிற்க வேண்டியது, இறங்கி இறங்கி நின்றது. தண்ணீர் புளிப்புப் பக்கம் சாய்கிறது என்று அர்த்தம். அதற்கான மருந்தைப் போட்டால் ஏறும், மறுநாள் பழையபடி இறங்கிவிடும். உப்பு மூட்டையைச் சந்தேகப்பட்டாள். பேனா மாதிரி இருக்கும் அந்த அளவுக் கருவியைச் சந்தேகப்பட்டாள். கண்ணாடியை எதைப் போட்டுத் துடைத்தாய் என்று புடிமிரைக் குறுக்கு விசாரணை செய்தாள். சர்ச்சுத் தண்ணீரை உள்ளே ஊற்றியிருப்பாளோ என்று மாமியாரையும் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். அந்த வாரம் அவளிடம் வண்டி பழகியவர்கள் பாவம், நாற்சந்தி வரைகூடப் போகவில்லை, அதற்குள் திட்டு.

ஒருநாள் சமையலறையில் புடிமிர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான். "கோச்சுக்காத. அம்மாவுக்கு அந்த சோபா இடுப்ப அறுக்குது. நல்ல கட்டில் ஒண்ணு போடணும்னா சுவர் வேணும். அந்தப் பெரிய பவளம் பொழைக்கலன்னா… மிச்சத்த யாருக்காச்சும் குடுத்திடலாமா?"

தோப்ரிலாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "சரி. அது செத்துச்சுன்னா தொட்டிய நானே காலி பண்றேன். போதுமா?"

சொல்லி முடித்த கணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அவள் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுகிற பழக்கம் உள்ளவள் இல்லை. புடிமிரும் அதை நம்பிவிடுகிற ஆள்தான். மறுநாளே ஒரு இன்ச் டேப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நிலையில் வந்தது ஸ்லாவா. குலசாமி நாள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாமி. புடிமிரின் குடும்பத்துக்கு நிக்கொலா, மாலுமிகளின் சாமி. டிசம்பர் நடுவில் வருவார். அன்றைக்கு யாரையும் அழைக்கக் கூடாது, யாரையும் திருப்பி அனுப்பவும் கூடாது. வீட்டுக்காரன் உட்காரவே கூடாது. விடிந்ததும் ஏற்றுகிற மெழுகுவர்த்தி நாள் முழுக்க எரிய வேண்டும். சாயங்காலம் வீட்டுக்காரன்தான் திராட்சை ரசத்தால் அணைக்க வேண்டும். அது தானாக அணைந்தால் அந்த வருஷம் வீட்டில் ஒரு தலை குறையும் என்று ஸ்தாமென்கா நம்பினாள். சும்மா சொல்லக் கூடாது, எல்லோரும்தான் நம்பினார்கள்.

நண்பகலுக்கெல்லாம் வீடு நிறைந்துவிட்டது. மாமியார் ஊர்க்காரர்கள், புடிமிரின் பணியிடத்து ஆட்கள், மூன்றாம் மாடி யகோதா, லைசென்ஸ் வாங்கிய பழைய மாணவர்கள். எல்லோருக்கும் மேலாக, தோப்ரிலாவின் கல்யாணத்துக்குச் சாட்சி நின்ற ஸ்வெதோசார். இந்த ஊரில் அந்த உறவு கூடப்பிறந்ததற்கும் மேல், அதனால் அவனுக்கு எதையும் சொல்ல உரிமை உண்டு. நிக்கொலா நாள் விரத காலத்தில் வரும். இறைச்சி கிடையாது, மீன்தான். கெண்டை மீன் தட்டைக் கையில் ஏந்தியபடி அவன் தொட்டியின் முன்னால் போய் நின்றான்.

"தங்கச்சி, இந்த ஆரஞ்சு மீன வறுத்தா எத்தன பேருக்கு வரும்?"

"உன் நாக்க வறுத்தா ஊருக்கே வரும்ணே. சாப்பிடு."

எல்லோரும் சிரித்தார்கள். தோப்ரிலா சிரிக்கவில்லை. ராக்கியா என்கிற பழச்சாராய பாட்டிலோடு சுற்றி வருகிறபோதெல்லாம் தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மான்கொம்பு மொத்தமும் மூடிக் கிடந்தது. அடியில் வெள்ளை கூடியிருந்தது. மற்ற பவளங்களும் சுருங்கியிருந்தன. கருவியை உள்ளே விட்டாள். ஏழு புள்ளி ஆறு. இதுவரை அவ்வளவு கீழே போனதில்லை.

கருவிதான் கெட்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டாள். ஸ்வெதோசார் தோளுக்குப் பின்னால் நின்று, "அது என்ன நம்பர், லாட்டரியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். சிகரெட் புகையில் எண்கள் சரியாகத் தெரியவும் இல்லை. ஒரு டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டுகொண்டு, கம்பளத்தைக் காலால் தள்ளி, பால்கனிக்கு நழுவினாள். "கதவச் சாத்து புள்ள" என்று ஸ்தாமென்காவின் குரல் துரத்தியது.

வெளியே பனி கட்டிய காற்று. நெஞ்சு நிறைய இழுத்தாள். கருவியை டம்ளரில் விட்டு, எரிச்சலோடு கலக்கிக்கொண்டே நின்றாள். ஏழு புள்ளி ஆறு. கலக்கக் கலக்க, ஏழு புள்ளி எட்டு. விரல் மரத்துப்போனது. கலக்கிக்கொண்டே இருந்தாள். எட்டு. அதையும் தாண்டியது.

மருந்து போடவில்லை, ஒன்றும் போடவில்லை. அதே தண்ணீர். அவள் உள்ளே ஓடி இன்னொரு டம்ளர் மொண்டு வந்தாள். ஏழு புள்ளி ஆறில் தொடங்கியது, வெளிக்காற்றில் அதுவும் ஏறியது. தோப்ரிலா பால்கனிக் கதவின் கண்ணாடி வழியாக வீட்டுக்குள் பார்த்தாள். கண்ணாடி முழுக்க ஈரம் கோத்திருந்தது. அதற்கு அப்பால் மஞ்சள் வெளிச்சத்தில் அத்தனை வாய்களும் பேசின, சிரித்தன, மென்றன, புகைவிட்டன. அத்தனை மூச்சும் அந்த அடைத்த கூடத்தில் சுற்றிவிட்டுத் தொட்டித் தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது. சோடாவில் வாயு கரைந்து புளிக்கிறதே, அப்படி. ஊருக்கெல்லாம் கண்ணாடியைப் பார், கண்ணாடியைப் பார் என்று பாடம் நடத்துகிறவள், தன் வீட்டு ஜன்னலைப் பார்க்கவில்லை. அவளுக்குத் தன் மேலேயே சிரிப்பு வந்தது.

உள்ளே வந்து, பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு, வண்டியில் பேசுகிற குரலில் சொன்னாள். "எல்லாரும் கேளுங்க. நம்ம மூச்சுதான் அதுங்களக் கொல்லுது. நான் ஜன்னலத் தொறக்கப் போறேன். எதிர்ல கதவையும்."

எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள். யகோதா சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, "நான் காலையிலதான் தலைக்குக் குளிச்சேன்" என்று எழுந்தே விட்டாள். ஒருவருக்கு முதுகு, ஒருவருக்குக் காது. ஸ்வெதோசார் தலையை ஆட்டினான். "தங்கச்சி, விருந்தாளிய வெரட்ட வேற வழியே கெடைக்கலியா உனக்கு? மீன் தீந்துபோச்சுன்னு சொல்லியிருந்தா நாங்களே போயிருப்போமே."

புடிமிர் அவள் கையைப் பிடித்தான். "சாமி நாளு. மெழுகுவர்த்தி அணைஞ்சிட்டா அம்மா தாங்க மாட்டா. ராத்திரி வரைக்கும் பொறு."

"ராத்திரிக்குள்ள அது உரிஞ்சு போயிரும். அப்புறம் நீ கட்டில் போட்டுக்க."

"என்ன கட்டிலு?" என்று ஸ்தாமென்கா கேட்டாள்.

அவள் ஜன்னலோரம் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். புடிமிர் விழித்தான். சுற்றி அத்தனை பேர். வேறு வழியில்லாமல் சொன்னான்: பெரிய பவளம் செத்துவிட்டால் தொட்டியை எடுத்துவிட்டு, அந்தச் சுவரோரம் அம்மாவுக்கு நல்ல கட்டில் போடலாம் என்று பேசியிருக்கிறோம்.

"தொட்டிய எடுத்துட்டா?" ஸ்தாமென்காவின் முகம் மாறியது. "நீங்க ரெண்டு பேரும் காலையில போயிட்டு இருட்டுனப்புறம் வரீங்க. பகல் பூரா நான் யாரோட பேசுவேன், ஓடாத லிஃப்டோடயா?"

தடியால் தொட்டியைக் காட்டினாள்.

"அந்தக் குண்டு மீனுதான் பொண்டாட்டி, புருஷன அந்த மூலையில நிக்க வெச்சிருக்கா. எனக்குத் தெரியும். ஊதாக்காரிக்குக் காலையில வெளக்கு வந்ததும் கொஞ்சமா மொகம் வெளிய வரும். இப்பல்லாம் வரதில்ல. நான் எனக்காகவா பஞ்சு அடைச்சேன்? மலையில பொறந்தவ, கழுத்துல சால்வையப் போட்டா முடிஞ்சுது. அதுங்க பாவம், உடம்புல ஒரு துணி இல்ல, நாள் பூரா ஈரத்துல நிக்குதுங்க. ஈர உடம்புல காத்து பட்டா என்னாகும்? வாடுதேன்னு நான் இன்னும் இறுக்கி இறுக்கி அடைச்சேன். பால்கனிக் கதவுக்கு என் கம்பளிப் பாவாடையும்ல போட்டிருக்கேன்."

தொட்டிக்கு எதிரி என்று அவள் வேவு பார்த்த கிழவி, தொட்டியை அவளைவிட அதிக நேரம் பார்த்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

"அத்த," என்றாள், குரலை ஒருவாறு இறக்கி. "அதுங்களுக்குக் குளிரு படாது. தண்ணிக்குச் சூடு இருக்கு. அதுங்களுக்கு வேண்டியது காத்துதான்."

"நெசமா?"

"அந்த டம்ளர்ல கண்ணால பாத்தேன்."

ஸ்தாமென்கா கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்தாள். பிறகு தடியை ஊன்றி எழுந்தாள். "எல்லாரும் கோட்ட மாட்டுங்க," என்றாள். "யகோதா, நீ தொப்பியும் போடு. யாரும் போகக் கூடாது. எங்க வீட்டு ஸ்லாவாவுல பாதியில எந்திரிச்சுப் போனவன் இதுவரைக்கும் கெடையாது."

தானே ஜன்னலண்டை போய், இடுக்கிலிருந்த பஞ்சை விரலால் பறித்து எறிந்தாள். தாழ்ப்பாளைத் தூக்கினாள். புடிமிர் எதிர்ப்பக்கம் வாசல் கதவைத் திறந்தான். மலையிலிருந்து நேராக வந்த காற்று கூடத்தில் புகுந்து, காகிதக் கைத்துண்டுகளைக் கிளப்பிக்கொண்டு மாடிப்படியில் வெளியேறியது. மேசை நடுவில் மெழுகுவர்த்திச் சுடர் படுத்தது. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். தொட்டிக்கு அதுவும் நல்லதுதான்.

ஸ்தாமென்கா ஒரு நாற்காலியை இழுத்து, ஜன்னலுக்கும் மெழுகுவர்த்திக்கும் நடுவே போட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் சுடரைச் சுற்றிக் குவித்துக்கொண்டாள். சுடர் மெல்ல நிமிர்ந்தது. காற்று அவளுடைய வெள்ளை முடியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. "சாப்பிடுங்க," என்றாள். "ஏன் சும்மா பாத்துக்கிட்டிருக்கீங்க?"

அப்படி ஒரு விருந்தை அந்தக் கட்டடம் பார்த்ததில்லை. கோட்டும் குல்லாவுமாக உட்கார்ந்து கெண்டை மீனும் பீன்ஸும் சாப்பிட்டார்கள். கையுறையோடு ராக்கியா குடித்தார்கள். குளிருக்கு ராக்கியா இன்னும் வேகமாக இறங்கியது, பாட்டு இன்னும் சீக்கிரம் கிளம்பியது. இந்தக் குளிரில் ஜன்னலைத் திறப்பது இழவு விழுந்த வீட்டில்தான் என்பதால், தெருவில் போனவர்கள் சாவு வீடோ என்று நினைத்தார்கள், பாட்டைக் கேட்டுத் தெளிந்து மேலே ஏறி வந்தார்கள். அவர்களுக்கும் மீன் வைக்க வேண்டியதாயிற்று. ஸ்வெதோசார் தன்னை எண் அறிவிப்பாளனாக நியமித்துக்கொண்டான். தொட்டியில் கருவியை விட்டுக்கொண்டு, "ஏழு எட்டு," என்பான். எல்லோரும் கோப்பையைத் தூக்குவார்கள். "ஏழு ஒம்போது," என்பான். மறுபடியும் தூக்குவார்கள். எட்டைத் தொட்டபோது யார் எந்தப் பாட்டைப் பாடினார்கள் என்று ஒருவருக்கும் நினைவில்லை.

இருட்டத் தொடங்கியதும் விருந்தாளிகள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். புடிமிர் சாமி படத்தின் முன் நின்று, இன்னும் எரிந்துகொண்டிருந்த சுடரைத் திராட்சை ரசத்தால் அணைத்தான். ஸ்தாமென்கா கைகளைக் கீழே போட்டாள். எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. கழுத்து பலகையாக இறுகிவிட்டது. இந்தப் பக்கமும் திரும்பவில்லை, அந்தப் பக்கமும் திரும்பவில்லை.

"பாத்தியா," என்றாள், கொஞ்சம் பெருமையாகவே. "நான் சொன்னா யாரு கேக்கறீங்க? ஊதக்காத்து."

தோப்ரிலா அவளைத் தாங்கி சோபாவுக்குக் கூட்டிப் போனாள். உள்ளங்கையில் ராக்கியாவை ஊற்றி, பின்னால் உட்கார்ந்து கழுத்தைத் தேய்க்கத் தொடங்கினாள். ஸ்டியரிங் பிடிக்கிற கை, அழுத்தமான கை. கிழவி முனகினாளே தவிர நிறுத்தச் சொல்லவில்லை. இந்தக் கழுத்தை ஒருநாளும் தொட்டதில்லை என்று தோப்ரிலாவுக்குத் தோன்றியது, கண் கலங்கியது. ராக்கியா நெடி என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"தலையத் திருப்ப முடியுதா அத்த?"

"முடியல. பரவால்ல. பாக்க வேண்டியது நேரா முன்னாடிதான இருக்கு." பிறகு அவள் உடம்பு விறைத்தது. "ஏ புள்ள. தேய்க்கறத நிறுத்து. அங்க பாரு."

தொட்டியின் நீல வெளிச்சத்தில் மான்கொம்பின் ஒரு கிளை நுனியில் வாய்கள் ஒன்றிரண்டாக வெளியே வந்துகொண்டிருந்தன. பக்கத்துக் கிளையிலும். அடியில் இருந்த வெள்ளை அங்கேயே நின்றிருந்தது, மேலே ஏறவில்லை. புடிமிர் சட்டைப்பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்து, கருவிப் பெட்டியில் போட்டு மூடினான்.

"வந்துட்டா," என்றாள் ஸ்தாமென்கா மெதுவாக. தலையைத் திருப்ப முடியாமல், முன்னால் பார்த்தபடியே மருமகளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கும் ஜன்னலத் தொற. தெனமும் தொற. ஆனா என்னக் கேக்காத புள்ள. கேட்டா நான் வேணாம்னுதான் சொல்லுவேன்."